எங்கேயோ அடைச்சிருக்கு

மூன்றாவது தாளும் வெள்ளையாகத்தான் வந்தது.

மேற்பார்வையாளர் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஓரத்தை மோந்துகூடப் பார்த்தார். மை என்று ஒரு புள்ளி இல்லை. கதவு, சன்னல் எல்லாம் சாத்தி, தாள் பறக்குமே என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் சாப்பாட்டு மேசைப் பக்கம் வியர்த்து வழிய நின்றுகொண்டிருந்த அந்த மனிதருக்கு நோய் இன்னதென்று புரிந்துபோயிற்று.

"அடைப்பு," என்றார்.

இந்தச் சொல்லை அவர் சொல்லாத நாள் கிடையாது. குடிநீர் வாரியத்தில் குழாய்ப் பராமரிப்புக்கு மேற்பார்வையாளர். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லையென்றாலும் மனிதர் போய் நிற்பார், குழாயை ஒரு தட்டுத் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், "எங்கேயோ அடைச்சிருக்கு" என்பார். பெரும்பாலும் அடைத்துத்தான் இருக்கும். அந்தக் கெட்டிக்காரத்தனம் தலைக்கேறி, குழாயே இல்லாத இடங்களிலும் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. சாலையில் வண்டிகள் நின்றால் அடைப்பு. மனைவிக்குத் தலைவலி என்றால் அடைப்பு. மச்சான் போனை எடுக்கவில்லை என்றால் அவனுக்கும் எங்கேயோ அடைப்பு.

உள்ளறையிலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தார். டீச்சர் என்பது அவர் மனைவி. தெருவே அப்படித்தான் கூப்பிடும். கணவரும் சில சமயம் அப்படிக் கூப்பிடுவார், அதுவும் தன் பக்கம் தப்பு இருக்கும்போது மட்டும்.

"ஆச்சாங்க?"

"ஆயிட்டே இருக்கு."

"எத்தனை வந்திருக்கு?"

"மூணு."

"காட்டுங்க."

காட்டினார். டீச்சர் மூன்றையும் வாங்கிப் புரட்டினார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே!"

"தாள் வந்திருச்சு இல்ல? இனிமே எழுத்து வரணும். அவ்வளவுதான் பாக்கி, டீச்சர்."

அந்த 'டீச்சர்' காதில் விழுந்ததும், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

நாளைக் காலை ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் பரீட்சை. பள்ளிக்கூடத்து நகல் இயந்திரம் வெள்ளிக்கிழமை புகை விட்டுப் படுத்துவிட்டது. அவரவர் கேள்வித்தாளை அவரவரே அடித்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. அந்த அம்மாளுக்குச் சிரிப்பு எப்போதாவதுதான் வரும், அதுவும் வேறு யாராவது மாட்டிக்கொள்ளும்போது. போன வருஷம் கணக்கு வாத்தியாரின் கேள்வித்தாள் பரீட்சைக்கு முந்தின நாளே வெளியே போய்விட்டது. அன்றிலிருந்து அவர் கணக்கு எடுப்பதில்லை. நூலகத்தில் உட்கார்ந்து பழைய புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

டீச்சருக்கு அந்த நூலகத்தை நினைத்தாலே பயம். நாலு பிள்ளைகளை அதட்டாமல் ஒரு நாள் போனால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பேசக் கூடாது என்று எழுதிப் போட்ட அறையில் அவரை உட்காரவைத்தால் ஆளே உருகிப்போவார்.

"நான் முக்குக் கடையில கொடுத்துக் காப்பி போட்டுட்டு வந்துடறேன்," என்று காலையிலேயே கிளம்பியவரைத் தடுத்தது மேற்பார்வையாளர்தான்.

"கடையிலயா? அங்க மெஷினைச் சுத்தி நிக்கிறது பூரா உன் பசங்க. ஒரு தாள் எட்டிப் பாத்தாப் போதும், சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா போயிடும். நூலகத்துல உனக்கும் ஒரு நாற்காலி போட்டுடுவாங்க. நம்ம வீட்டுல மெஷின் இருக்கு, நான் இருக்கேன். கதவைச் சாத்திக்கிட்டு அடிச்சா காத்துக்குக்கூடத் தெரியாது."

'நம்ம வீட்டுல மெஷின் இருக்கு' என்பது உண்மை. லீவு முழுக்க அது துணி போர்த்திக்கொண்டு தூங்கியது என்பதும் உண்மை. வாரத்துக்கு ஒரு தாளாவது அடித்து வைக்காவிட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்று டீச்சரின் தம்பி வாங்கிய அன்றைக்கே சொல்லியிருந்தான். மேற்பார்வையாளர் தலையை ஆட்டினாரே தவிர, ஒரு தாளும் அடிக்கவில்லை. இன்று மெஷின் வெள்ளைத் தாளைத் துப்பியதும் முதலில் குறுகுறுத்தது அவர் நெஞ்சுதான்.

மை காய்ந்திருக்குமோ என்ற பயத்தில்தான் காலையிலேயே கொஞ்சம் முன்யோசனையோடு நடந்துகொண்டிருந்தார். கேள்வித்தாளின் மேலே பள்ளியின் பெயர், 'அரையாண்டுத் தேர்வு', 'ரகசியம்' என்றெல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தது. ரொம்ப நாள் படுத்திருந்த மெஷின், எடுத்த எடுப்பில் அவ்வளவு மையைக் கேட்டால் திணறிப்போகும். தலைப்பு மொத்தத்தையும் அழித்தார். கேள்விகள் மட்டும் இளைத்துப்போய் மிஞ்சின.

"ஆளுக்கு ஒண்ணு, பெரிய டீச்சர் ஃபைலுக்கு ஒண்ணு. அதுக்கு மேல ஒண்ணுகூட வேணாம்," என்று டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தார். "மிச்சம் விழுந்தா அது வெளியே போறதுக்கு வழி தேடும்."

அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, அழுத்தினார். திரையில் 'அச்சிடப்படுகிறது' என்று வந்தது. மேசை மேல் இருந்த மெஷின் அசையவில்லை. குழாய்க்குக் கொடுப்பதுபோல அதற்கும் ஒரு தட்டுக் கொடுத்தார். அதுவும் பலிக்காமல் போகவே, மெஷின் மேலேயே பச்சையாக எரிந்த பட்டனை அழுத்தினார். மூடிக்கு அடியில் ஒரு வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் வந்தது. கரகரவென்று ஒரு தாளை இழுத்து, வெள்ளையாக வெளியே தள்ளியது. இன்னொரு அழுத்து, இன்னொரு வெள்ளை. இப்படித்தான் மூன்றும் வந்தன.

"என்ன சத்தம் அது?" என்றார் டீச்சர்.

மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், டக்டக் டக்டக் என்று ஏதோ விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"மேல் வீட்டுல தையல் மெஷின் வாங்கிட்டாங்க போல. ஞாயித்துக்கிழமைகூட மனுஷனை நிம்மதியா விட மாட்டாங்க."

சத்தம் திடீரென்று நின்றது. அதே நேரத்தில் கம்ப்யூட்டர் ஒரு மஞ்சள் முக்கோணத்தைக் காட்டி, 'தாள் தீர்ந்துவிட்டது' என்றது.

மேற்பார்வையாளர் மெஷினைப் பார்த்தார். தாள் கட்டு வாய் நிறைய இருந்தது. வெளியே எடுத்தார், விசிறினார், தட்டி நேராக்கினார், மறுபடி வைத்தார். 'தாள் தீர்ந்துவிட்டது.' இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்தார். 'தாள் தீர்ந்துவிட்டது.'

"இதுக்குக் கண்ணும் அடைச்சிருக்கு," என்றார்.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. டீச்சர் எழுந்தார். கணவர் கையை விரித்து வழி மறித்தார். பிறகு விரல் நுனியில் நடந்து போய், கதவைத் திறக்காமலே, "யாரு?" என்றார்.

"நான்தான் சார், மேல் வீடு."

தபால்காரர். தங்கமான மனிதர். கையில் ஒரு தாள் கிடைத்தால் அதை உரியவரிடம் சேர்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு முறை மேற்பார்வையாளர் படியில் தவறவிட்ட சலவைக்கடைச் சீட்டை, நாலாக மடித்து, மழையில் நனையாமல் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார். மேற்பார்வையாளர் என்றால் அவருக்குத் தனி மரியாதை. தன் வீட்டு இணையத்தையே பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுத்தவர் ஆயிற்றே! தபால்காரரின் மகள் படிப்புக்கு எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது என்று யோசனை சொல்வதும் அவர்தான். அந்த மகள் படிப்பது ஒன்பதாம் வகுப்பில், டீச்சரிடம்.

அதனால்தான் கதவு திறக்கவில்லை.

"டீச்சர் இருக்காங்களா சார்? ஒரு சின்ன விஷயம் கேக்கணும். அது வந்து…"

"டீச்சர் முக்கியமான வேலையா இருக்காங்க. இன்னைக்கு யாரையும் பாக்க மாட்டாங்க."

வெளியே செருப்பு ஒரு முறை தேய்ந்தது. யோசிக்கிறார் போலிருந்தது.

"சரி சார். தொந்தரவு பண்ணலை. அப்போ நானே பாத்துக்கட்டுமா?"

"பாத்துக்குங்க, நீங்களே பாத்துக்குங்க!"

"ரொம்ப சந்தோஷம் சார்."

படியில் செருப்புச் சத்தம் ஏறிப்போயிற்று. மேற்பார்வையாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் பொண்ணு உன் வகுப்பு. கதவைத் திறந்திருந்தா மேசை மேல அவர் கண்ணு போயிருக்கும். தப்பிச்சோம்."

"என்ன கேக்க வந்தாரோ!"

"என்னமோ கேக்கட்டும். பரீட்சை முடியட்டும், நானே போய்ப் பேசறேன்."

மேசைக்குத் திரும்பி, தாள் தட்டுக்குள் வாயை வைத்து ஒரு ஊது ஊதினார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் முக்கோணம் மறைந்தது. மேலே டக்டக் மறுபடி ஆரம்பித்தது. கீழே மேற்பார்வையாளர் தன் நுரையீரலைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஆனால் தாள் வரவில்லை. சத்தம் ஓய்ந்து வெகு நேரம் கழித்துப் பார்த்தபோது, 'அனைத்துப் பிரதிகளும் வெற்றிகரமாக அச்சிடப்பட்டன' என்று திரை கொண்டாடிக்கொண்டிருந்தது.

"எங்கேங்க?" என்றார் டீச்சர்.

"உள்ளதான் இருக்கும்."

"இத்தனை தாளும் இந்தச் சின்ன டப்பாவுக்குள்ளயா?"

மேற்பார்வையாளர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். பச்சைப் பட்டனை அழுத்தினார். வெள்ளையாக ஒன்று வந்தது. மச்சானைக் கூப்பிட்டார்.

மச்சான் முதலில் எடுக்கவில்லை. அவனுக்கும் அடைப்பு. இரண்டாம் முறை எடுத்தான்.

"மாமா, கம்ப்யூட்டர்ல எதையாவது மாத்தினீங்களா?"

"நான் ஏண்டா மாத்தறேன்? போன வாரம் சுத்தம் பண்ணேன், அவ்வளவுதான். எல்லாம் ரெண்டு ரெண்டா கிடந்துச்சு. போட்டோ ரெண்டு, பாட்டு ரெண்டு, ஒரே பேருல எது ரெண்டு தடவை இருந்தாலும் ஒண்ணை அழிச்சுட்டேன். இப்போ கண்ணாடி மாதிரி இருக்கு."

"என் பாடக் குறிப்பு?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"அதுவும் ரெண்டு இருந்துச்சு."

"ஒண்ணு போன வருஷத்துது, ஒண்ணு இந்த வருஷத்துதுங்க!"

மேற்பார்வையாளர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பத்திரமா இருக்கு," என்றார்.

உள்ளே ஏதோ டொம்மென்று வைக்கப்பட்டது. மச்சான் அவசரமாகப் பேச்சை மாற்றினான்.

"மாமா, தாள் வெள்ளையா வந்தா ஹெட் அடைச்சிருக்கலாம். கார்ட்ரிட்ஜ் அடியில பொடிப்பொடியா ஓட்டை இருக்கும். அது வழியாத்தான் மை தாள்ல விழும். காஞ்சா மூடிக்கும்."

"அப்படிச் சொல்லு! குழாய்! நான் பாத்ததுமே சொன்னேன்."

"கம்ப்யூட்டர்லயே 'ஹெட் க்ளீனிங்'னு ஒண்ணு இருக்கும், கொடுங்க. ஒண்ணு ரெண்டு தடவை போதும். ஜாஸ்தி கொடுத்தா மை பூரா தீந்துடும்."

கடைசி வாக்கியம் சொல்லப்படும்போது போன் மேசை மேல் இருந்தது.

ஹெட் க்ளீனிங் கொடுத்தார். 'சுத்தம் செய்யப்படுகிறது' என்றது திரை. மெஷின் மேல் காதை வைத்துக் கேட்டார். ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. மேலேதான் கிர்ர்ர், கிர்ர்ர், கொடக் கொடக் என்று யாரோ எதையோ போட்டு அரைத்தார்கள்.

"நம்ம மெஷின் எவ்வளவு அமைதியா சுத்தம் பண்ணிக்குது பாரு," என்றார். "மேல கேளு, தையல் மெஷினா, லாரியா?"

மறுபடி கொடுத்தார். மேலே மறுபடி அரைத்தது. சோதனைத் தாள் அடிக்கச் சொன்னார், மேலே டக்டக். எரிச்சல் தாங்காமல் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கூரையை நாலு இடி இடித்தார். தற்செயலாக அந்த நேரம் பார்த்துச் சத்தம் நின்றது.

"சொன்னாக் கேட்டுக்கறாங்க," என்றார் திருப்தியாக. உடனே இன்னொரு க்ளீனிங் கொடுத்தார். மேலே உடனே கிர்ர்ர் என்றது.

"வேணும்னே பண்றாங்க!"

ஏழெட்டுச் சுத்தத்துக்குப் பிறகு திரை, 'நீல மை தீரும் நிலையில் உள்ளது' என்றது. இது அவருக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லை. ஒரு சொட்டுகூட வெளியே வராமல் மை எப்படித் தீரும்? ஒழுகினால்தான் தீரும். ஒழுக்கு என்று எண்ணியதும் கைகள் பரபரத்தன. மெஷினின் வயிற்றைத் திறந்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றி, அடிப்பக்கத்தை உள்ளங்கையில் ஓர் ஒற்று ஒற்றிப் பார்த்தார். பளிச்சென்று நீலம் ஒட்டியது.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "கையில மை வருதே, அப்புறம் எப்படி அடைப்பு?"

"கைக்கு வருது, தாளுக்கு வரலை. அதான் சிக்கல்."

"ஏங்க, எனக்கு என்னமோ இந்தக் கம்ப்யூட்டர் சொல்றதும் இங்க நடக்கறதும் ஒத்தே வரலைன்னு தோணுது. இது வேற எதையோ…"

"நீ பாடம் நடத்து, நான் வேண்டாங்கலை. குழாயை என் கிட்ட விடு."

கார்ட்ரிட்ஜை மாட்டினார். வேறு எங்கேயாவது அடைப்பு தெரிகிறதா என்று மேல் மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த கண்ணாடியில் கையை ஊன்றிக் குனிந்து தேடினார். ஒன்றும் தெரியவில்லை. மூடிவிட்டுப் பச்சைப் பட்டனை அழுத்தினார்.

வெளிச்சம் போய் வந்தது. தாள் இழுபட்டது. வெளியே வந்த தாளில் ஒரு கை இருந்தது.

ஐந்து விரல், உள்ளங்கை, ரேகை எல்லாம் நீலத்தில் அச்சு அசலாக. மேற்பார்வையாளர் அதைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"கேள்வித்தாள் கேட்டா கையைக் காட்டுது!"

டீச்சர் தாளை வாங்கினார். கணவரின் கையைத் திருப்பிப் பார்த்தார். மூடியைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே நீலமாக அதே கை ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் மெதுவாக நிமிர்ந்தார்.

"இது காப்பி எடுக்கற பட்டன்."

"என்னது?"

"ஜெராக்ஸ் பட்டன்ங்க! இவ்வளவு நேரமா வெறும் கண்ணாடியைக் காப்பி எடுத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. வெறும் கண்ணாடியை எடுத்தா வெள்ளையாத்தானே வரும்?"

மேற்பார்வையாளர் பட்டனைக் குனிந்து பார்த்தார். தெருவெல்லாம் பார்க்க ஒரு குழாயைத் தோண்டி, பக்கத்துக் குழாய்தான் உடைந்தது என்று தெரியும்போது வரும் முகம் அது. ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

"சரி. அப்போ கம்ப்யூட்டர்லேருந்து அனுப்பின கேள்வித்தாள் எங்க போச்சு?"

டீச்சருக்கும் அதுதான் விளங்கவில்லை. இருவரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். வெற்றி வெற்றி என்றது. மெஷினைப் பார்த்தார்கள். சும்மா இருந்தது. நடுவில் ஒரு கம்பிகூட இல்லை.

"வழியில தங்கிடுச்சு," என்றார் மேற்பார்வையாளர். "எங்கேயோ அடைச்சிருக்கு."

"எங்கேயோ இருந்துட்டுப் போகட்டும். காப்பி நல்லா எடுக்குது இல்ல, அது போதும் எனக்கு. நான் உக்காந்து ஒரு தாளைக் கையால எழுதறேன். அதைக் கண்ணாடியில வெச்சு வேணுங்கற அளவுக்கு எடுத்துக்கலாம். சர்க்யூட் படம் நாலு இருக்கு, போட நேரமாகும். அதுவரைக்கும் நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க."

"என்ன?"

"ஒண்ணும் செய்யாதீங்க."

டீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேற்பார்வையாளர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். உண்மையிலேயே முயன்றார். ஆனால் அந்தக் கைப்படம் மேசை மேல் இருந்தது. எடுத்துப் பார்த்தார். சுண்டுவிரல் கொஞ்சம் மங்கல். கட்டைவிரல் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. ஊன்றும்போது சுண்டுவிரல் கண்ணாடியில் சரியாகப் படவில்லை என்று இன்னொருவர் நினைத்திருப்பார். இவர் பாதி அடைப்பு என்று நினைத்தார். பாதி அடைப்போடு ஒரு குழாயைத் திறந்துவிடும் பழக்கம் அவருக்கு இல்லை. மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு சர்க்யூட் போடுகிறாள், அது மங்கலாக வந்தால் பாவம் யாருக்கு? அவளுக்கு ஒரு நல்லது செய்தே தீர்வது என்று எழுந்தார்.

இரண்டு கார்ட்ரிட்ஜையும் கழற்றி வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டார். கறுப்பும் நீலமும் சிவப்புமாக மை அழகாகப் பிரிந்து மிதந்து வந்தது. 'பார், எவ்வளவு அழுக்கு!' என்று பூரித்துப்போனார். தண்ணீர் கறுத்ததும் கொட்டிவிட்டு வேறு ஊற்றினார். அதுவும் கறுத்தது. இன்னொன்று ஊற்றினார். தண்ணீர் தெளியும்வரை விடக் கூடாது என்பது வாரியத்தில் விதி.

நடுவில் தண்ணீர் குடிக்க வந்த டீச்சர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார்.

"'பிரிண்டர் தயார்'னு போட்டிருக்கே. சரி பண்ணிட்டீங்களா?"

மேற்பார்வையாளர் கிண்ணத்தை உடம்பால் மறைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். மெஷினின் உயிர் இரண்டும் கிண்ணத்தில் மிதந்துகொண்டிருக்க, அது தயார் என்கிறது. அவருக்கே தலை சுற்றியது. ஆனாலும் சமாளித்தார்.

"கீழ்மட்டத்து நிலவரம் மேலிடத்துக்குப் போய்ச் சேர நேரமாகும். எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்."

டீச்சர் உள்ளே போனதும் தண்ணீர் தெளிந்துவிட்டது. அதாவது, கார்ட்ரிட்ஜில் இருந்த மை கிட்டத்தட்ட முழுவதும் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அது அவருக்குத் தெரியவில்லை. இனி எதிர் அழுத்தம் கொடுக்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் வருமோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளுவது. அலமாரியில் இருமல் மருந்து கொடுக்கும் சிரிஞ்ச் ஒன்று கிடந்தது. அதில் வெந்நீரை ஏற்றி, கார்ட்ரிட்ஜின் அடியில் வைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, மூச்சுப் பிடித்து அழுத்தினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

கார்ட்ரிட்ஜின் மூடி கழன்று கூரைக்குப் போயிற்று. உள்ளே பஞ்சில் ஒளிந்திருந்த கடைசி மை, அவர் முகம், வெள்ளைச் சட்டை, சுவர், நாட்காட்டி எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைப் பங்கிட்டுக் கொடுத்தது. துடைக்க எடுத்த துண்டு டீச்சருடையது. துண்டு எட்டாத இடத்தைத் துடைத்த திரைச்சீலையும் டீச்சர் தைத்தது. கார்ட்ரிட்ஜைக் காயவைக்கலாம் என்று தலைமுடி உலர்த்தும் கருவியை அதன் முகத்துக்கு நேரே பிடித்ததில் பிளாஸ்டிக் ஒரு பக்கமாக வளைந்து சிரித்தது. வளைந்ததை மெஷினுக்குள் வைத்து அமுக்கினார். உள்ளே ஏதோ ஒடிந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. டீச்சர் கையில் முத்து முத்தான எழுத்தில் ஒரு தாள், ஸ்கேல் வைத்துப் போட்ட நாலு சர்க்யூட் படத்தோடு. கூடத்தை ஒரு முறை பார்த்தார். நீல முகமாக நின்ற கணவரைப் பார்த்தார். தாளை மெதுவாக மேசையில் வைத்தார். மேசையிலிருந்த மை தாளின் ஓரத்தில் ஏற ஆரம்பித்தது.

"ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொன்னேன்."

"கொஞ்சம் மங்கலா இருந்துச்சு. உனக்கு நல்லா வரணுமேன்னுதான்…"

சொல்லி முடிக்க முடியவில்லை. இந்த முறை அடைப்பு அவர் பேச்சில். வீட்டில் ஒருவர் திட்டினால் பதில் சொல்லலாம். டீச்சர் திட்டவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வெளியே வெயில் தாழ்ந்துவிட்டது. பிறகு டீச்சரே நிமிர்ந்தார். நிமிர்ந்தபோது முகம் வகுப்புக்குப் போகும் முகமாக மாறியிருந்தது.

"சரி விடுங்க. கேள்வி எல்லாம் எனக்கு மனப்பாடம். காலையில அரை மணி முன்னாடி போய்க் கரும்பலகையில எழுதிப் போட்டுடறேன். பெரிய டீச்சர் ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க, வாங்கிக்கறேன். தாள் அச்சாகலைன்னு யாரும் நூலகத்துக்கு அனுப்ப மாட்டாங்க. வெளியே போனாத்தான் ஆபத்து."

மேற்பார்வையாளருக்கு உயிர் வந்தது. நீல முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"அதைத்தான் நானும் காலையிலேருந்து சொல்றேன். மெஷின் போனாப் போகுது, ரகசியம் போகலை பாரு! இந்த வீட்டை விட்டு ஒரு எழுத்து வெளியே போகலை. காத்துக்குக்கூடத் தெரியாது!"

டீச்சர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். சன்னல்களைத் திறந்தார். மின்விசிறியைப் போட்டார். நல்ல காற்று வந்தது. மறைக்க வேண்டியது எதுவும் இல்லாததால், இப்போது மணி அடித்தபோது மேற்பார்வையாளரே தாராளமாகக் கதவைத் திறந்தார்.

தபால்காரர் நின்றிருந்தார். விடுமுறை நாளில் எதற்கோ சைக்கிள் மிதித்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் காலித் தபால் பை. முகத்தில், வேலையை முடித்துவிட்டு வந்தவரின் நிறைவு. மேற்பார்வையாளரின் நீல முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாலும், மரியாதைக்காக எதுவும் கேட்கவில்லை.

"டீச்சர், நீங்க தெய்வம்!" என்று மேற்பார்வையாளரின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்துக் கும்பிட்டார். "பரீட்சைக்கு முந்தின நாள் பசங்களுக்குப் பயிற்சித்தாள் அனுப்ப எந்த டீச்சருக்கு மனசு வரும்? சார் யோசனை கேட்டு உங்க மெஷின் மாதிரியே போன வாரம் எங்க வீட்டுலயும் ஒண்ணு வாங்கி, உங்க இணையத்துலயே சேத்து வெச்சேன், மத்தியானம் அது பாட்டுக்குத் தாளா அடிச்சுத் தள்ளுது! 'இது எங்க டீச்சர் கேக்கற கேள்விதாம்பா, எங்க வகுப்புக்குத்தான்'னு பொண்ணு சொன்னா. கேக்கலாம்னுதான் கீழே வந்தேன். சார், நீங்களே பாத்துக்குங்கன்னுட்டார். எந்தப் பிள்ளை எந்தத் தெருன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வீடு விடலை."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மேற்பார்வையாளர் கூரையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், தபால் பையைப் பார்த்தார்.

"எ… எல்லாத்தையும் கொடுத்துட்டீங்களா?" என்றார்.

"எல்லாருக்கும் போக ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு சார்," என்றார் தபால்காரர், "அதை எதுக்கு வீணாக்கறதுன்னு பெரிய டீச்சர் வீட்டுக்குப் போய், நம்ம டீச்சர் பேரைச் சொல்லி, அவங்க கையிலேயே கொடுத்துட்டு வந்துட்டேன்."